அந்த நூல் என்னுடையது இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்ததும் டெய்லரக்கா காலைக் கீழே வைக்கவில்லை. கையை வைத்துப் பார்த்தாள். தரை நனைந்திருந்தது.

"ஏங்க, எந்திரிங்க. வந்துருச்சு."

புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வாரத்தில் இந்த ஒரு நாள்தான் அவருக்கு வெயில் ஏறிய பிறகு எழுந்திருக்கிற பாக்கியம். போர்வைக்குள்ளிருந்தே, "யாரு வந்தது?" என்றார்.

"எங்கம்மா. எந்திரிச்சு மெஷினைத் தூக்குங்க."

மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அப்படியானால் வந்தது தண்ணீர்தான் என்று புரிந்துகொண்டு அவர் எழுந்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தையல் மெஷினைச் செங்கல் மேல் ஏற்றினார்கள். செங்கல் நான்கும் மூலையில் தயாராக இருந்தன. துணி மூட்டைகள் ஏற்கெனவே பரணில் இருந்தன. மூன்றாவது தடவை வந்தபோதே அவள் கற்றுக்கொண்ட பாடம் அது. இன்றைக்கு ஐந்தாவது தடவை. ஐந்தும் இந்த ஒரே வருஷத்தில்.

வீடு என்றால் முன்பக்கம் ஒரு அறை, பின்னால் ஒரு சமையலறை, ஒரு குளியலறை. அவ்வளவுதான் கீழ் வீடு. மாடியில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். மாடியில் ஊற்றுகிற தண்ணீர் சுவரோரமாக இறங்கி, பக்கத்துச் சந்தில் சிமெண்டுத் தரைக்கு அடியில் குழாய் வழியாக ஓடித் தெருச் சாக்கடைக்குப் போக வேண்டும். கீழ் வீட்டுத் தண்ணீரும் வழியில் அதே குழாயில்தான் சேர்கிறது. சேர்ந்த பிறகு எங்கேயோ அடைத்துக்கொள்கிறது. அடைத்தால் மாடித் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் டெய்லரக்கா வீட்டுக் குளியலறைத் தரையில் பதித்த இரும்பு ஜாலி வழியாகக் கொப்பளித்து மேலே வரும். மேலே யாராவது குளித்தால் கீழே நுரை. மேலே பாத்திரம் கழுவினால் கீழே எண்ணெய்ப் படலம்.

"அவங்க வீட்ல நேத்து என்ன சமையல்னு கேளுங்க, நான் சொல்றேன்" என்பாள், துணி கொடுக்க வருகிறவர்களிடம்.

அவள் சந்துக்கு வந்து அண்ணாந்து குரல் கொடுத்தாள். "அக்கா, தண்ணி ஊத்தாதீங்க. கீழ நிக்குது."

"ஊத்தலம்மா" என்று மாடியிலிருந்து பதில் வந்தது. கூடவே ஒரு வாளித் தண்ணீர் குழாயில் கடகடவென்று இறங்குகிற சத்தமும் வந்தது. ஏற்கெனவே சாய்த்துவிட்ட வாளியை யார் நிமிர்த்த முடியும்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் இறங்கி வந்தார். தெருவில் அவருக்கு மைக்செட் என்று பேர். முப்பது வருஷம் கூட்டத்துக்கும் விசேஷத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். தொழிலை மூடி வருஷங்கள் ஆகியும் மொட்டை மாடியில் இரண்டு ஒலிபெருக்கிப் புனல் இன்னும் தெருவைப் பார்த்துத் திறந்த வாயோடு கிடக்கின்றன. அவற்றில் புறா குடியிருக்கிறது. பேச ஆரம்பிக்குமுன் இரண்டு தடவை இருமிப் பார்ப்பது அவர் வழக்கம். மைக்கைத் தட்டித் தட்டி வந்த பழக்கம்.

இருமினார். "இந்தாம்மா. இது அஞ்சாவது தடவை. நானும் மனுஷன்தானே."

"நான் மட்டும் என்ன மீன்குஞ்சா சார், தண்ணிக்குள்ளயே கெடக்கறதுக்கு?"

"பேச்சுல உன்னை ஜெயிக்க முடியாது. அதான் எழுதியே கொண்டாந்துட்டேன்." சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "ஒரு கையெழுத்துப் போட்டுரு. சும்மா, பேருக்குத்தான்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் கை நீளாமல் நின்றுவிட்டது.

சும்மா, பேருக்குத்தான். இதே வார்த்தையை இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் சொன்னார். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. சட்டை தைக்கிற கம்பெனியில் கடைசி மேசை வேலை. தைத்து வருகிற சட்டையில் தொங்குகிற நூலைக் கத்தரித்து, பித்தானை எண்ணி, மடித்து வைக்க வேண்டும். ஒரு நாள் அனுப்பிய பெட்டி ஒன்று திரும்பி வந்தது. அத்தனை சட்டையிலும் பித்தான் ஓட்டை கோணலாக வெட்டியிருந்தது. ஓட்டை போடுகிற மெஷின் வேறு ஆளுடையது. அந்த ஆள் சூப்பர்வைசரின் மச்சான். சூப்பர்வைசர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து அவள் முன் வைத்து, "சும்மா பேருக்குத்தான், எல்லாரும் போடறாங்க" என்றார். அவள் நாலாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டினால் படிப்பாள். ஆனால் பின்னால் ஆள் நிற்கையில் எழுத்துக் கூட்ட வெட்கப்பட்டு, போட்டுவிட்டாள். தப்பு முழுக்க அவளுடையது என்று அதில் இருந்ததை மறுநாள் கம்பெனி கேட்டில் நிறுத்தியபோதுதான் சொன்னார்கள். அந்தத் தெருவில் எட்டு கம்பெனி. அவள் போவதற்கு முன்னாலேயே அந்தக் கையெழுத்து ஒவ்வொரு கேட்டுக்கும் போய் நின்றுகொண்டிருந்தது.

அதற்கப்புறம் பழைய மெஷின் ஒன்றை வாங்கி வீட்டிலேயே உட்கார்ந்தாள். அன்றிலிருந்து யார் எதை நீட்டினாலும், அது தபால்காரர் நோட்டாக இருந்தாலும், விரலை வைத்து முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. பின்னால் பத்துப் பேர் நின்றாலும் சரி. நிற்கட்டும்.

இப்போதும் விரலை வைத்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். மைக்செட் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார்.

தையல் தொழில் செய்து வரும் என்னுடைய நூலும் துணியும் விழுந்து சாக்கடை அடைபடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இனி ஒரு முறை அடைத்தால் மறுபேச்சில்லாமல் வீட்டைக் காலி செய்து தருகிறேன். இதுதான் அதில் இருந்தது.

"போடலன்னா?"

"மாசக் கடைசியில காலி பண்ணிரணும்."

ஆறு வருஷமாக முன்னறை ஜன்னலோரம்தான் அவள் மெஷின். அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் துணி வருகிறது. அதைவிட்டுப் போகிற நாளில் அவளுக்கு முன்னால் இந்தக் காகிதமும் தெருத் தெருவாகப் போகும். சாக்கடையை அடைக்கிற டெய்லர். இன்னொரு தெருவில் யார் வீடு தருவார்கள்.

புருஷன் அவள் காதருகே, "போட்டுரும்மா. இனிமே அடைக்காம பாத்துக்கலாம்" என்றார்.

"அடைக்கறதே நான் இல்லங்கறேன். எதைப் பாத்துக்கறது?"

சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் மெஷின் பலகை ஓரத்தில் ஒரு பை பின் குத்தித் தொங்கும். வெட்டுகிற நூல் எதுவானாலும் அதில்தான் விழும். தரையில் சிந்தியதை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து அதிலேயே போடுவாள். பை நிறைந்தால் தலையணை தைக்கிறவர் வந்து எடுத்துப்போவார். குளியலறைக்கு நூல் போகிற வழியே இல்லை.

ஆனால் நடந்தது என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் குழாய்க்காரர் வருவார், அடைப்பை எடுப்பார், கம்பு முனையில் சிக்கிய கறுப்பு உருண்டையைத் தூக்கிக் காட்டி, "நூலுங்க" என்பார். உடனே வீசிவிடுவார். நூல் என்று சொன்னால் அந்த வீட்டில் யாரைக் கைகாட்டுவார்கள்?

டெய்லரக்கா காகிதத்தை மடித்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை, தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போடறேன் சார். இன்னிக்கு அடைப்பு எடுக்கறப்ப நான் பக்கத்துல நிப்பேன். வெளிய வர்றது என் நூலா இருந்தா, போடறேன்."

"நூல்ல என்னம்மா உன் நூல், என் நூலு?"

"உங்களுக்குக் குரலைக் கேட்டா எந்த மைக்குன்னு தெரியும்ல? அந்த மாதிரிதான்."

குழாய்க்காரர் ஒன்பது மணிக்கு வந்தார். தோளில் சுருட்டி மாட்டிய மூங்கில் பத்தை, உதட்டோரத்தில் ஒரு தீக்குச்சி. பேச்சு அதிகம் கிடையாது. சந்து முடிந்து தெரு ஆரம்பிக்கிற இடத்தில் சாக்கடைத் தொட்டி மூடியை நெம்பித் திறந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பத்தையை உள்ளே செலுத்தினார். நாலைந்து தடவை முன்னும் பின்னும் இடித்தார். குழாய் ஒரு ஏப்பம் விட்டது. தண்ணீர் இரைச்சலோடு தொட்டிக்குள் வந்து விழுந்தது. பத்தையை உருவினால் நுனியில் அந்தக் கறுப்பு உருண்டை.

"நூலுங்க" என்று சொல்லிவிட்டு வீசக் கையை ஓங்கினார்.

டெய்லரக்கா ஒரு பழைய பேசினை நீட்டினாள். "இதுல போடுங்கண்ணே."

"இதையா? என்ன பண்ணப் போறே தங்கச்சி?"

"தைக்கப் போறேன்."

தெருக்குழாயடியில் உட்கார்ந்து சோப்புத்தூள் போட்டு அந்த உருண்டையை மூன்று தண்ணீரில் அலசினாள். மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பிறகு இறங்கியே வந்துவிட்டாள். அலசியதை வாசல் படியில் பழைய பேப்பர் விரித்துப் பரப்பினாள் டெய்லரக்கா. கறுப்பு போய்ச் சாம்பல் நிறம் வந்தது. தலைமுடி ஒரு பக்கம், தேய்ந்த சோப்பின் சில்லு ஒரு பக்கம், ஷாம்பு பாக்கெட்டின் மூலை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தாள். மீதியெல்லாம் நூல். நூறு இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், தடிமனாக, முறுக்குத் தளர்ந்து.

"பாத்தியா? நூல்தானே?" என்றாள் வீட்டுக்காரம்மா.

"நூல்தான்க்கா. நான் இல்லன்னு சொன்னேனா?"

ஒரு இழையை எடுத்து உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியால் ஒரு இழுப்பு இழுத்துக் காய வைத்தாள். தன் மெஷினில் இருந்த நூல்கண்டிலிருந்தும் ஒரு இழை அறுத்துக்கொண்டு வந்தாள். குழாய்க்காரரிடம் கையை நீட்டினாள். அவர் தீப்பெட்டியைக் கொடுத்தார். முதலில் தன் நூலைக் கொளுத்தினாள். அது சுருண்டு உருகி நுனியில் ஒரு கறுப்பு மணியாக நின்றது. மணியை மைக்செட்டின் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு சாக்கடை நூலைக் கொளுத்தினாள். அது காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாயிற்று.

"என் நூல் பாலியஸ்டர், உருகும். இது எரியும். இது பஞ்சு. இந்த மாதிரி பஞ்சு நூல்ல நான் சட்டை தைச்சா ரெண்டே துவைப்புல தையல் விட்டுரும், ஒருத்தர் என் வாசல் மிதிக்க மாட்டாங்க."

வீட்டுக்காரம்மா குனிந்து பேப்பரைக் கிளறினாள். ஒரு சிவப்பு இழையைத் தூக்கிப் பிடித்தாள். மெல்லிசாக இருந்தது. "அப்ப இது?"

டெய்லரக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இது என்னோடதுதான். ஒண்ணு. இதுக்கு நான் பொறுப்பு. மத்த நூறுக்கு யாரு பொறுப்பு?"

அவள் விடவில்லை. "நான் இங்க ஆறு வருஷமா தைக்கறேன். அடைப்பு இந்த வருஷம்தான் மாசத்துக்கு மாசம் வருது. அப்ப இந்த வருஷம் இந்த வீட்டுக்குப் புதுசா வந்தது எது?"

கேட்டுவிட்டு அண்ணாந்தாள். அவளோடு சேர்ந்து எல்லாரும் அண்ணாந்தார்கள். மாடி பால்கனிக் கம்பியில் தரை துடைக்கிற மாப்பு தலைகீழாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. வருஷ ஆரம்பத்தில் வாங்கியது. வாங்கியபோது சடை சடையாக இருந்தது. இப்போது பாதி மண்டை வழுக்கை.

"உங்க மாப்புக்கு முடி கொட்டுதுக்கா. வைத்தியம் பாருங்க."

வேன் டிரைவர் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்காரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஊர் உலகத்துல மாப்பு போட்டு யாருமே தொடைக்கலயா? பக்கத்து வீட்லயும் இதே மாப்புதான். அங்க அடைக்குதா? நாலு நூல் போனதுக்கே அடைச்சுக்குதுன்னா லைன்ல கோளாறுன்னு அர்த்தம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அந்த அம்மாவுக்கு உறைத்தது. பக்கத்தில் மைக்செட் இரண்டு தடவை இருமினார்.

"லைனைப் பத்திப் பேசாத. அது நான் போட்ட லைன்."

அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சந்துக்குச் சிமெண்டு போட்டபோது ஆள் வைக்காமல் தானே குழாய் பதித்ததை அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். ஒலிபெருக்கிக்கு ஒயர் இழுத்தவனுக்குத் தண்ணிக்குக் குழாய் இழுக்கத் தெரியாதா என்பார்.

"நீங்க போட்டதாலதான் சொல்றேன்" என்றாள் அவர் மனைவி.

புருஷன் பெண்டாட்டி இருவரும் மாப்பா லைனா என்று ஆரம்பித்துவிட்டார்கள். டெய்லரக்கா அவர்களைப் பார்க்கவில்லை. குழாய்க்காரரைப் பார்த்தாள். லைன் என்ற பேச்சு வந்ததிலிருந்து அந்த மனிதர் தீக்குச்சியைக் கடித்துக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

"அண்ணே, லைன் சரியா இருக்கா?"

"மண்ணுக்கடியில இருக்கறது எனக்கெப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு தடவையும் பத்தை எங்க போய் முட்டுது?"

அவர் பத்தையைக் கீழே போட்டார். அதில் ஓரிடத்தில் ஒரு கந்தல் கட்டியிருந்தது. முதல் தடவை முட்டிய இடத்தில் அடையாளத்துக்குக் கட்டியது. ஐந்து தடவையும் அந்தக் கந்தல் வரைக்கும்தான் உள்ளே போயிருக்கிறது. அதுவரைக்கும் படிந்திருந்த கறையைப் பார்த்தாலே தெரிந்தது.

டெய்லரக்கா உள்ளே போய் இஞ்ச் டேப்பையும் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியையும் எடுத்து வந்தாள். பத்தையை நுனியிலிருந்து கந்தல் வரை அளந்தாள். தொட்டியிலிருந்து சந்து நெடுக அதே அளவை வைத்தாள். சிமெண்டில் ஒரு கோடு கிழித்து, குறுக்கே இன்னொரு கோடு போட்டாள். ஜாக்கெட்டுக்குப் பித்தான் இடம் குறிக்கிற மாதிரி, அவ்வளவு சின்னக் குறி.

"இங்க உடைங்க."

"யாரைக் கேட்டு உடைக்கறது?" மைக்செட் குறுக்கே வந்து அந்தக் குறியின் மேலேயே நின்றார். "என் தரை. என் லைன். சுத்தியல் படக் கூடாது."

டெய்லரக்கா இடுப்பிலிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். "சார், நல்லா கேட்டுக்குங்க. உடைச்சுப் பாத்து லைன் சரியா இருந்தா இதுல கையெழுத்துப் போடறேன். மாசக் கடைசி வரைக்கும் எல்லாம் இல்ல. இன்னிக்கு சாயங்காலமே சாமானை ஏத்தறேன். உடைச்ச தரையையும் நானே பூசித் தந்துட்டுப் போறேன். வண்டி எங்ககிட்டயே இருக்கு."

"அது ஸ்கூல் வேன்மா" என்றார் புருஷன் மெதுவாக.

"பிள்ளைங்க ஞாயித்துக்கிழமை வராது. சும்மா இருங்க."

மைக்செட் யோசித்தார். யோசிக்கிற முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம்கூட வந்தது. தன் லைன் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நகர்ந்து கொடுத்தார்.

குழாய்க்காரர் மட்டும் சுத்தியலைத் தொடவில்லை. "எதுக்கு வம்பு, அடைப்புதான் எடுத்தாச்சே" என்றார்.

டெய்லரக்கா அவர் பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் தானே எடுத்தாள். உட்கார்ந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். முதல் அடியில் உளி வழுக்கிச் சுத்தியல் விரல் மேல் விழுந்தது. விரலை ஒரு தடவை வாயில் வைத்து எடுத்துவிட்டு, இரண்டாவது அடி அடித்தாள். சாக்கட்டிக் குறி பிளந்தது. மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது குழாய்க்காரர் வந்து உளியைப் பிடித்தார்.

"குடு தங்கச்சி. தைக்கற கை. வீணாப் போயிரும்."

"அஞ்சு தடவையா வீணாப் போனது என் பேருண்ணே. கை பரவால்ல."

ஆனாலும் கொடுத்தாள்.

அரை மணி நேரத்தில் சிமெண்டுக்கு அடியில் மண்ணும், மண்ணுக்கடியில் குழாயும் தெரிந்தன. ஒரு குழாய் முடிந்து அடுத்த குழாய் ஆரம்பிக்கிற இடம் அது. அந்த மாதிரிக் குழாய்க்கு ஒரு முனை சாதாரணமாக இருக்கும், மறு முனை அகல வாயாக விரிந்திருக்கும். ஒன்றின் சாதாரண முனையை இன்னொன்றின் அகல வாய்க்குள் ரப்பர் வளையம் போட்டுச் செருக வேண்டும். மைக்செட் குனிந்து பார்த்து நிமிர்ந்தார். "பாரு. ஒரு சொட்டு ஒழுகுதா? ஒன்பது வருஷம்."

உண்மைதான். ஒழுகவில்லை. மண் காய்ந்தே இருந்தது.

டெய்லரக்கா குழியோரம் உட்கார்ந்து குழாயைப் பார்த்தாள். எது சரி எது தப்பு என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒன்றோடொன்று இணைக்கிற வேலை தெரியும். வாழ்க்கை முழுக்க அதைத்தான் செய்கிறாள். தண்ணீர் வருகிற பக்கம் ஒரு தடவை பார்த்தாள். போகிற பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"அண்ணே. தண்ணி அங்கேருந்து இங்க வருது. அகல வாய் ஏன் போற பக்கத்தைப் பாத்து இருக்கு? வர்ற பக்கத்தைத்தானே பாக்கணும்?"

குழாய்க்காரர் அன்றைக்கு முதல் தடவையாகத் தீக்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

மைக்செட் சிரித்தார். "போற பக்கம்தாம்மா பாக்கணும். மேல பாரு, புனலை. சத்தம் சின்ன முனையில போகுது, பெரிய வாய் வழியா வெளிய வருது. எதுவா இருந்தாலும் வெளிய வர்ற பக்கம்தானே வாய் பெரிசா இருக்கணும்? இதுகூடத் தெரியாமலா நான் முப்பது வருஷம் தொழில் பண்ணேன்?"

மொட்டை மாடிப் புனலிலிருந்து ஒரு புறா வெளியே வந்தது.

டெய்லரக்கா நிதானமாகக் கேட்டாள். "சார், பேன்ட்டுக்கு உள்பக்கம் முட்டியில ஒட்டு வெச்சுத் தைக்கறோம்னு வைங்க. கீழ் ஓரம் தைக்காம விட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. கால் வழுக்கிட்டுப் போயிரும். மேல் ஓரம் தைக்காம விட்டா?"

பதில் அவள் புருஷனிடமிருந்து வந்தது. "ஒவ்வொரு தடவையும் கால் விரல் மாட்டும். எனக்கு மாட்டியிருக்கு. வேன்ல ஏறப் போய் விழுந்தேன்."

"இங்க கால் விரலுக்குப் பதில் நூல். அவ்வளவுதான். அறுங்கண்ணே."

குழாய்க்காரர் ரம்பத்தை எடுத்து இணைப்புக்கு ஒரு சாண் தள்ளி அறுத்தார். அறுத்த துண்டைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினார். அகல வாய்க்குள் அடுத்த குழாயின் விளிம்பு வருகிற தண்ணீரை எதிர்த்து ஒரு உதடு மாதிரி நின்றது. அந்த உதட்டில் மாப்பு நூல் வரிசையாகத் தொங்கியது, தாடி மாதிரி. முதல் நூல் மாட்டினால் அடுத்தது அதில் மாட்டும், அப்புறம் முடி, அப்புறம் சோப்பு. தெருப் பக்கமிருந்து பத்தையால் குத்தினால் நடுவில் ஒரு ஓட்டை விழும், தண்ணீர் போகும், தாடி அப்படியே இருக்கும்.

வீட்டுக்காரம்மா தாடியையும் பார்த்தாள், பால்கனி மாப்பையும் பார்த்தாள்.

"இப்படி எத்தனை இணைப்பு?" என்று கேட்டாள் டெய்லரக்கா.

"நாலு" என்றார் மைக்செட். இருமாமலே சொன்னார். குரல் சின்னதாக இருந்தது.

டெய்லரக்கா குழாய்க்காரர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியும்."

"ரெண்டாவது தடவையே சந்தேகம்தான் தங்கச்சி. கீழேருந்து குத்தினா அடைப்பு வரைக்கும் பத்தை தடங்கலே இல்லாம ஏறுச்சு. நேரா போட்டிருந்தா வழியில இணைப்பு விளிம்புல தட்டணும். ஆனா சார் பக்கத்துல நின்னு என் லைன், என் லைன்னு சொல்லிட்டே இருக்காரு. அவர் மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

"அவர் மூஞ்சி நோகக் கூடாதுன்னு என் தலையில நூலைச் சுத்துனீங்க. என் மூஞ்சி என்ன, கால் துடைக்கற துணியா?"

அவர் தலை குனிந்தார். "தப்புதான்."

"தப்புதான்னு தெரியுதுல்ல. நாலையும் திருப்பிப் போட்டுட்டுத்தான் இன்னிக்கு இந்தச் சந்துலேருந்து போறீங்க."

மதியம் தாண்டி மூன்று மணி ஆயிற்று. ரப்பர் வளையம் போட்டுச் செருகிய குழாய் என்பதால் கழற்ற வந்தது. அறுத்ததற்குப் பதில் ஒரு புதுத் துண்டு வாங்கி வந்தார்கள். ஒவ்வொரு குழாயாகத் திருப்பி, அகல வாய் தண்ணீர் வருகிற பக்கத்தைப் பார்க்கிற மாதிரி வைத்து, முட்டுகிற வரை செருகினார்கள். வேன் டிரைவர் மண் அள்ளினார். மைக்செட்டும் சும்மா நிற்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கி, குழாயைப் பிடித்துக்கொடுத்தார். பிடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் வாயைத் தொட்டுப் பார்த்தார்.

"அக்கா, இப்ப ஊத்துங்க. எத்தனை வாளி இருக்கோ அத்தனையும்."

மாடியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. டெய்லரக்கா குளியலறையில் வெறுங்காலோடு ஜாலி மேலேயே நின்றாள். ஒரு வாளி. இரண்டு. குழாயில் தண்ணீர் இறங்கும்போது சுவர் அதிர்ந்தது. ஆறு வாளி. பாதத்துக்கு அடியில் காய்ந்த இரும்பு. ஒரு குமிழிகூட வரவில்லை.

வெளியே வந்தபோது மைக்செட் படியில் உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மாப்பைக் கம்பியிலிருந்து எடுத்து அவர் பக்கத்தில் வைத்திருந்தாள். தணிந்த குரலில் கேட்டாள். "இந்த நூல் கழலாம இருக்க ஒரு தையல் ஓட்டித் தர்றியாம்மா? உனக்கு ரெண்டு நிமிஷ வேலை."

"மாப்பு தைக்கறதில்லக்கா. புதுசா ஒண்ணு வாங்குங்க. நூல் மாப்பு வேணாம், துணியில வாங்குங்க."

பிறகு மைக்செட் பக்கம் திரும்பிக் காகிதத்தை நீட்டினாள். அவர் அதைக் கிழிக்கக் கையை உயர்த்தினார். "அதான் முடிஞ்சு போச்சே. விடு, மறந்துரலாம். நீ இருக்கற வரைக்கும் இருந்துக்கோ."

"கிழிக்காதீங்க. திருப்புங்க. பின்பக்கம் காலியா இருக்கு."

"எதுக்கு?"

"எழுதறதுக்கு. அஞ்சு தடவை இந்தத் தெருவுக்கே கேக்கற மாதிரி நூல், நூல்னு சொன்னீங்க. இப்ப ஒரு தடவை எழுதுங்க. லைன் வாய் மாத்திப் போட்டது நான். நூல் எங்க வீட்டு மாப்போடது. டெய்லர் மேல தப்பில்ல. அப்புறம் கையெழுத்து."

"என்னம்மா இது, கோர்ட்டு மாதிரி. நமக்குள்ள எதுக்கு?"

"காலையில நீங்க நீட்டினப்பவும் நமக்குள்ளதான் சார்."

புருஷன் அவள் முழங்கையைத் தொட்டார். அவள் முழங்கையை நகர்த்திக்கொண்டாள். மைக்செட் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா மாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எழுதிக் குடுத்துருங்க. பொய்யா எழுதப் போறீங்க?" என்றாள்.

பேனா குழாய்க்காரரிடம்தான் இருந்தது. மைக்செட் முழங்கால் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். நேரம் பிடித்தது. எழுதிக் கொடுத்துவிட்டு, எழுந்து படியேறத் தொடங்கினார்.

டெய்லரக்கா விரலை வைத்தாள். முதல் எழுத்திலிருந்து படித்தாள். பின்னால் குழாய்க்காரர் பையோடு நின்றார், புருஷன் மண்வெட்டியோடு நின்றார், துணி வாங்க வந்த ஒரு பெண் பையோடு நின்றாள். எல்லாரும் நின்றார்கள். அவள் அவசரப்படவில்லை. கடைசி வரை போய்விட்டு, விரலைத் திரும்ப மேலே கொண்டுவந்து இன்னொரு தடவை படித்தாள்.

மைக்செட் மேல்படியை எட்டிவிட்டார்.

"சார்" என்று கூப்பிட்டாள். "தேதி போடலயே."

அவர் நின்றார். ஒரு தடவை இருமினார். திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.